யாருக்காகப் பெயர்க்கிறோம்? அரபு மொழிக் கல்வியில் மொழிபெயர்ப்பின் இடம்

அயல்மொழி கற்பிக்கும் வகுப்பில் தாய்மொழிக்கு இடம் உண்டா என்ற வினா, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக ஆசிரியர்களை இரு அணிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மொழிபெயர்த்துச் சொல்லாவிடில் பொருள் விளங்காது என்பர் ஓர் அணியினர். மொழிபெயர்ப்பு இருக்கும்வரை மொழி நாவுக்கு வராது என்பர் மற்றோர் அணியினர். அரபு மொழியைப் பொறுத்தவரை இது நம்மவர்க்கு வெறும் கல்வியியல் வினா அன்று. மார்க்க அறிவுக்கு வாயிலாக அமைந்த மொழி அது. ஏழாண்டு வரை அதனைக் கற்று மதரஸாவிலிருந்து வெளிவரும் ஓர் ஆலிம், தாம் ஓதிய கித்தாபின் எந்தத் தொடரையும் இலக்கணம் பிரித்துப் பொருள் சொல்ல வல்லவராக இருக்கிறார். அதே அரபியில் ஒரு பக்கக் கடிதம் வரைய வேண்டுமென்றாலும், செவியில் விழுந்த அரபுரை ஒன்றைச் சபையோர்க்கு நல்ல தமிழில் எடுத்துரைக்க வேண்டுமென்றாலும் தயங்குகிறார். இக்குறை நம்மிடையே நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. விதிவிலக்கானோர் பலர் உளர்; எனினும் குறை உண்மையானது.

இதனைக் களைய முனைந்தோர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் மீதே பழியைச் சுமத்தினர். சொல்லுக்குச் சொல் தமிழில் பொருள் கூறும் பழக்கமே மாணவர் நாவைக் கட்டிப்போட்டது என்றும், அதனை அடியோடு விலக்கிவிட்டால் அரபு தானாகப் பேச்சில் வந்துவிடும் என்றும் அவர்கள் கருதினர். இம்முடிவில் பாதி உண்மை, பாதி அவசரம். மொழிபெயர்ப்பு பலவகைப்படும். அவற்றுள் ஒருவகை மட்டுமே நம் வகுப்புகளில் வழங்கிவந்தது. அவ்வொன்றின் குறையை மொழிபெயர்ப்பு முழுமைக்கும் ஏற்றிச் சொல்வது முறையாகாது. கேட்போர் எவருமின்றி, ஒரே திசையில், உறைந்துபோன நடையில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பே மாணவரை முடக்கியது. கேட்போரை முன்னிறுத்தி இருதிசையிலும் செய்யப்படும் மொழிபெயர்ப்பு மொழி கற்பதற்குச் சிறந்த கருவியாகும் என்பதே நமது கருத்து.

தர்ஜமா என்னும் சொல்

இஸ்லாமிய மரபின் தொடக்கக் காலச் செய்திகளில் மொழிபெயர்ப்பு ஒரு தேவையாகவே அறிமுகமாகிறது. யூதர்களுடன் நிகழும் மடல் போக்குவரத்துக்கு நம்பகமான ஒருவர் வேண்டியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் இளைஞரான ஸைது பின் ஸாபித் (ரலி) அவர்களை அம்மக்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளப் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதனைக் கற்றார் என்றும், வந்த மடல்களைப் படித்துக்காட்டியும் செல்லவேண்டிய மடல்களை எழுதியும் வந்தார் என்றும் திர்மிதீ முதலிய தொகுப்புகளில் காண்கிறோம். அக்குறுகிய காலத்தைக் கண்டு வியப்போர் பலர். நாம் கருத வேண்டியது கற்றலின் நோக்கத்தை. முதல் நாளிலிருந்தே ஸைது (ரலி) அவர்களின் முன் ஒரு மடல் இருந்தது, அதற்கொரு பெறுநர் இருந்தார், தவறிப் பொருள் கொண்டால் நேரும் விளைவு குறித்த பொறுப்பும் இருந்தது.

வாய்மொழிப் பெயர்ப்புக்கும் இதுபோன்ற சான்றுண்டு. ரோமப் பேரரசர் ஹிரக்ல், குறைஷித் தலைவர் அபூஸுஃப்யானை அழைத்து நபியவர்களைப் பற்றி அடுக்கடுக்காக வினவிய நிகழ்ச்சியைப் புகாரீ தமது தொகுப்பின் முதல் இயலிலேயே வைத்திருக்கிறார். அவ்வுரையாடல் முழுவதும் ஒரு துர்ஜுமானின் வாயிலாகவே நடைபெற்றது. பேரரசரின் வினாவும் வணிகரின் விடையும் அந்த ஒருவரின் நாவைக் கடந்தே மறுபக்கம் சேர்ந்தன.

மூன்றாவது சான்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் மக்களுக்கும் இடையே தாம் தர்ஜமா செய்து வந்ததாக அபூஜம்ரா கூறியதும் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. அவர் பாரசீகம் பேசுவோர்க்கு மொழிபெயர்த்தார் என்று கூறுவோர் உண்டு. ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (இறப்பு 1245) வேறொரு விளக்கம் தருகிறார். கூட்ட நெரிசலால் கேட்க இயலாதவர்க்கும், கேட்டும் விளங்காதவர்க்கும் ஆசானின் சொல்லைக் கொண்டு சேர்த்ததே அந்தத் தர்ஜமா என்றும், ஒரு மொழியை மற்றொரு மொழியால் விளக்குவதோடு அச்சொல்லின் பொருள் முடிந்துவிடுவதில்லை என்றும் அவர் கருதினார். இமாம் நவவீ இவ்விளக்கத்தைத் தமது முஸ்லிம் விரிவுரையில் எடுத்தாண்டுள்ளார்.

ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட மொழிக் கல்விக்கான பொதுச் சட்டகம், மொழிச் செயல்களை நான்காகப் பகுத்தது: ஏற்றல், ஆக்கல், ஊடாடல், இடையிட்டுச் சேர்ப்பித்தல். விளங்காத ஒருவர்க்கு விளங்கியவர் ஒருவர் எடுத்துரைத்துச் சேர்ப்பிப்பதே நான்காவது. மொழிபெயர்ப்பு, வாய்மொழிப் பெயர்ப்பு ஆகியவற்றோடு, ஒரே மொழிக்குள் சுருக்கிச் சொல்வதும் எளிமைப்படுத்திச் சொல்வதும் அதில் அடங்கும். 2018-இல் வந்து 2020-இல் நிறைவுற்ற துணைத் தொகுதி இதற்கென விரிவான அளவுகோல்களை வகுத்தது. இன்றைய மொழிக் கல்வியாளர் வந்தடைந்திருக்கும் இக்கருத்து, ஹதீஸ் விரிவுரையாளர்களிடம் ஒரு சொல்லின் பொருளாக முன்பே விளங்கியிருந்தது. பெருமை பேசுவதற்காக இதனைக் குறிக்கவில்லை. நம் மதரஸா வகுப்புகளில் தர்ஜமா என்னும் சொல் எவ்வளவு சுருங்கிப்போயிற்று என்பதைக் காட்டவே குறிக்கிறோம்.

வரிகளுக்கிடையே தொங்கும் பொருள்

அச்சுருக்கத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஜாவாத் தீவின் பெசந்த்ரென் எனப்படும் மார்க்கக் கல்விக்கூடங்கள் நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கே ஆசிரியர் அரபு நூலை வாசித்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஜாவா மொழியில் பொருள் கூறுவார். மாணவர் அதனை அரபு வரியின் கீழே சாய்வாகச் சிறிய எழுத்தில் குறித்துக்கொள்வர். வரியிலிருந்து தொங்குவது போல் தோன்றுவதால் இதற்குத் தொங்கும் பொருள் எனப் பொருள்படும் 'மக்னா கந்துல்' என்று பெயர். இதன் சிறப்பு சொற்பொருளோடு முடிவதில்லை. தொடரில் அச்சொல் வகிக்கும் இலக்கணப் பணிக்கும் ஒரு நிலையான ஜாவாச் சொல் உண்டு. முப்ததாவாக வரும் எழுவாய்க்கு முன் 'உதாவி' என்றும், அதன் பயனிலையான கபருக்கு முன் 'இகு' என்றும் மாணவர் சொல்வர். ஆகவே பொருள் சொல்லும்போதே நஹ்வு இலக்கணமும் சொல்லப்பட்டுவிடுகிறது. உயிர்க்குறி இடப்படாத அரபு வரியைப் பிழையின்றி வாசிக்க இதனினும் நுட்பமான பயிற்சியைக் கண்டறிவது அரிது.

நம் மதரஸாக்களின் பழைய தமிழ்ப் பொருள் கூறும் முறையும் இதற்கு உறவுடையதே. அரபியில் 'அல்லதீ' வந்தால் 'எத்தகையவரெனில்' என்பது, 'இன்ன' வந்தால் 'நிச்சயமாக' என்பது ஆகியவை அதன் அடையாளங்கள். நேற்று வந்த மனிதர் என்று தமிழன் இயல்பாகச் சொல்வதை, மனிதர், அவர் எத்தகையவரெனில் நேற்று வந்தார் என்று அது சொல்லும். தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கும். அரபியில் விளக்கத் தொடர் பெயருக்குப் பின்னே வரும். அப்பின்வரவை மாணவர் உணர வேண்டும் என்பதற்காகவே தமிழை வளைத்தனர். பாட அறையில் அது ஒரு கருவி. அந்தக் கருவியைப் பழித்தல் நன்றியின்மையாகும்.

பிழை எங்கே நேர்ந்ததெனில், கருவியையே விளைபொருளாகக் கொண்டதில் நேர்ந்தது. எத்தகையவரெனில் என்பது ஓர் இலக்கணக் குறி. வகுப்பு முடிந்ததும் அதனைக் களைந்துவிட்டு, அச்செய்தியைத் தமிழர் ஒருவர்க்குத் தமிழாகச் சொல்லும் இரண்டாம் படி இருந்திருக்க வேண்டும். பல இடங்களில் அவ்விரண்டாம் படி வரவேயில்லை. குறி மொழியே மேடை மொழியாயிற்று, நூல் மொழியும் ஆயிற்று. 'இன்ன' என்பது கூற்றை வலியுறுத்தும் இடைச்சொல். தமிழில் அவ்வலியுறுத்தலை ஏகாரத்தாலும், சொல் வரிசையாலும், சில இடங்களில் குரலாலும் காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் நிச்சயமாக என்றே பெயர்த்ததால், பக்கந்தோறும் வரும் அச்சொல் கேட்போர் காதில் வலுவிழந்தது. அரபியில் அழுத்தமாக நிற்பது தமிழில் வெறும் வழக்கமாயிற்று.

இறைவேதத்தின் சொல்லைக் கையாளும்போது எழும் அச்சம் இந்தச் சொல்லொட்டிய நடைக்கு ஒரு காரணம் என்பதை அறிவோம். அவ்வச்சம் மதிக்கத்தக்கது. ஆயினும் கதையையும் கடிதத்தையும் நாளிதழ்ச் செய்தியையும் அதே நடையில் பெயர்க்க மாணவரைப் பழக்குவதற்கு அது காரணமாகாது. அன்றியும் நம் முன்னோர் அனைவரும் அவ்வாறு எழுதியவரல்லர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அறபுத்தமிழில் ஃபிக்ஹு நூல் எழுதியபோது, அரபு கல்லாத ஆண்களும் பெண்களும் அவர்கள் முன் இருந்தனர். தொழுகையின் ஷர்த்துகளை அறிய விரும்பும் மக்களுக்காக அவர்கள் எழுதினர். அங்கே மொழிபெயர்ப்புக்குக் கேட்போர் இருந்தார்.

மொழிபெயர்ப்பை விலக்கிய வகுப்பு

மறுபக்கத்து முறையையும் அதன் சிறந்த வடிவத்திலேயே எடைபோட வேண்டும். ஐரோப்பாவில் இலக்கண விதியையும் தனித்தனி வாக்கியங்களின் மொழிபெயர்ப்பையும் கொண்டு நடந்த பழைய மொழிக் கல்வியை எதிர்த்து, ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஃபியட்டோர் 1882-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதற்கு நான்காண்டு முன்னர், 1878-இல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பெர்லிட்ஸ் தமது முதல் மொழிப் பள்ளியைத் திறந்தார். அங்கே மாணவரின் தாய்மொழிக்கு இடமே இல்லை. நேர்முறை எனப்படும் இம்முறை இருபதாம் நூற்றாண்டில் அரபுக் கல்விக்கும் வந்தது.

கிழக்கு ஜாவாவில் 1926-இல் தொடங்கப்பட்ட கோந்தோர் கல்விக்கூடம், 1936-இல் இமாம் ஸர்கஷியின் தலைமையில் புதிய பாடத்திட்டத்தை ஏற்று, மக்னா கந்துல் முறையைக் கைவிட்டது. அரபியை அரபியாலேயே கற்பித்தது. விடுதியிலும் மாணவர் அரபியிலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டுமென விதித்தது. அதன் பயனாக மேடையில் அஞ்சாமல் அரபு பேசும் தலைமுறைகள் அங்கிருந்து வெளிவந்தன. ஆனால் இத்தகைய விடுதிகளில் வழங்கும் அரபியில் இந்தோனேசியத் தொடரமைப்பு ஊடுருவியிருப்பதை அந்நாட்டு ஆய்வாளர் பலரும் சுட்டியிருக்கின்றனர். இது வியப்புக்குரியதன்று. வகுப்பில் மொழிபெயர்ப்பைத் தடை செய்யலாம். மாணவர் மனத்துக்குள் நிகழும் மொழிபெயர்ப்பைத் தடை செய்ய இயலாது. வெளிப்படையாகச் செய்தால் ஆசிரியர் திருத்துவார். மறைவில் நடப்பதைத் திருத்துவார் இலர்.

ஜாஹிள் (இறப்பு 868 அளவில்) தமது கிதாபுல் ஹயவானில் இதனையே வேறு முகமாகக் கண்டார். ஒரே நாவில் இரு மொழிகள் கூடினால் ஒன்று மற்றொன்றைப் பற்றி இழுக்கும், இரண்டிற்கும் குறை நேரும் என்பது அவர் கருத்து. மொழிபெயர்ப்பாளர் இரு மொழிகளிலும் நிகரான புலமை உடையவராக இருத்தல் வேண்டும் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். மொழிபெயர்ப்பை விலக்க விரும்புவோர் இக்கூற்றைத் தமக்குச் சான்றாகக் கொள்ளக்கூடும். நாம் இதிலிருந்து பெறும் பாடம் வேறு. இரு மொழிகளும் ஒன்றையொன்று இழுக்கும் இடங்களைக் கண்முன் நிறுத்திக் காட்டும் பயிற்சி வேண்டும் என்பதே அது. ஒப்பிட்டுப் பார்க்காத மாணவர்க்கு அவ்விடங்கள் கடைசிவரை புலப்படுவதில்லை.

நம் மண்ணோடு தொடர்புடைய எடுத்துக்காட்டும் உண்டு. வாணியம்பாடியில் பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு அரபு கற்பித்து 2023-இல் மறைந்த பேராசிரியர் வி. அப்துர் ரஹீம் இயற்றிய பாடநூல், மதீனா பாடநூல் என்ற பெயரில் உலகெங்கும் பயிலப்படுகிறது. தொடக்கம் முதல் முழுவதும் அரபியிலேயே அமைந்தது அது. படத்தைச் சுட்டி இது இன்னது எனக் கூறும் எளிய தொடர்களில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுகிறது. பல நாட்டு மாணவர் ஒரே வகுப்பில் அமர்ந்த மதீனாவில் பொதுத் தாய்மொழி எதுவும் இல்லையாதலின் அவ்வமைப்பு இன்றியமையாததாயிற்று. அதே நூல் தனித்துப் பயில்வோர் கைக்குச் சென்றபோது அவரே அதற்கு ஆங்கிலத்தில் விளக்கக் கையேடு எழுதினார். மன்னர் ஃபஹ்து திருக்குர்ஆன் அச்சகத்தின் மொழிபெயர்ப்பு மையத்துக்கு இயக்குநராகவும் அவரே விளங்கினார். தாய்மொழியை விலக்கிய பாடநூலும் மொழிபெயர்ப்பு மையமும் ஒரே அறிஞரிடம் முரணின்றி இணைந்திருந்தன. அவருடைய நூலைக் கொண்டு மொழிபெயர்ப்பே கூடாதென வாதிடுவோர் அவரது வாழ்க்கையின் மறுபாதியையும் நோக்குதல் நலம்.

இங்கே ஒரு நுட்பம் காணத்தக்கது. இது வீடு என்னும் தமிழ்த் தொடரில் வினை இல்லை; அதற்கு நேரான அரபுத் தொடரிலும் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வினை இடையே வந்தாக வேண்டும். என்னிடம் பேனா இருக்கிறது, எனக்கொரு தம்பி உண்டு என்பவற்றை அரபு 'இந்தீ', 'லீ' என்ற உருபுத் தொடர்களால் சொல்கிறது. ஆங்கிலமோ உடைமை வினையைக் கொண்டு சொல்கிறது. ஆக, தொடக்கநிலை அரபு பல இடங்களில் தமிழுக்கு அண்மையில் நிற்கிறது. தமிழ் மாணவர் ஆங்கிலக் கையேட்டின் வழியாகவோ உருதுவின் வழியாகவோ அரபைக் கற்கும்போது இந்த அண்மையை இழக்கிறார். ஒரு மொழிக்கு இரு மொழிகளின் தடையைக் கடக்கிறார்.

கெய்ரோவின் முன்மாதிரி

விலக்கியோர்க்கும் உறைந்தோர்க்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு எகிப்தில் செயல்பட்டது. 1826-இல் பாரிஸுக்கு அனுப்பப்பட்ட மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்ற அஸ்ஹர் பட்டதாரி ரிஃபாஆ அத்தஹ்தாவீ, தாமும் மாணவராகிப் பிரெஞ்சு கற்றார். அவர் கற்றது மொழிபெயர்த்துக்கொண்டே. 1830-இல் இறுதித் தேர்வுக்கு வந்தபோது, தாம் அரபியில் பெயர்த்த பன்னிரண்டு நூல்களையும் நூற்பகுதிகளையும் தேர்வாளர் முன் வைத்தார். தாயகம் திரும்பிய பின் 1835-இல் கெய்ரோவில் தொடங்கப்பட்ட மொழிப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். மத்ரஸத்துல் அல்ஸுன் எனப் பெயர்பெற்ற அப்பள்ளியில் மொழி கற்றலும் மொழிபெயர்த்தலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மாணவர் பெயர்த்தவை ஆசிரியரின் திருத்தம் பெற்று நூலாக வெளிவந்தன; அரசுப் பள்ளிகளில் வேறு மாணவர் அவற்றைப் படித்தனர்.

அதற்கு முன்பே, 1827-இல் அபூஸஅபலில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியில் பிரெஞ்சு மருத்துவர் குளோட் முதலியோரின் விரிவுரைகள் வாய்மொழிப் பெயர்ப்பாளர் வழியாகவே மாணவரைச் சென்றடைந்தன. அரபு நடையைச் செப்பனிட அஸ்ஹர் ஷைகுகள் அமர்த்தப்பட்டனர். மருத்துவம் அறிந்தவர், அயல்மொழி அறிந்தவர், தாய்மொழி நடை அறிந்தவர் ஆகிய மூவரும் கூடினாலன்றி ஒரு விரிவுரை பெயர்ப்பாகாது என்பதை அப்பள்ளி உணர்ந்திருந்தது. அப்பாஸின் ஆட்சியில் அல்ஸுன் பள்ளி மூடப்பட்டது, தஹ்தாவீ சூடானுக்கு அனுப்பப்பட்டார். அப்பெயர் இன்று ஐன் ஷம்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழிப்புலத்தில் வாழ்கிறது. அப்பள்ளியின் மாணவர் ஒவ்வொரு வரியையும் இதனை யாரோ படிக்கப் போகிறார் என்ற நினைவோடு பெயர்த்தனர் என்பதே நம் கவனத்துக்குரியது.

வகுப்பில் செய்யத்தக்கவை

பிரித்தானிய மொழியியலாளர் கை குக் 2010-இல் வெளியிட்ட நூலொன்றில், மொழிபெயர்ப்பை வகுப்பிலிருந்து அகற்றியது உறுதியான சான்றின்றி எடுக்கப்பட்ட முடிவு என வாதிட்டார். இதனைத் தொடர்ந்து பல நாடுகளில் மொழிபெயர்ப்புப் பயிற்சிகள் புதிய வடிவில் வகுப்புக்குத் திரும்புகின்றன. நம் மதரஸாக்களிலும் கல்லூரிகளின் அரபுத் துறைகளிலும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கன சில உள.

முதலாவது, இருமுறைப் பெயர்ப்பு. இங்கிலாந்தில் எலிசபெத் அரசியாருக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், இலத்தீன் கற்பிக்க இதனைப் பரிந்துரைத்தார். அவரது நூல் 1570-இல் வெளிவந்தது. மாணவர் ஓர் அரபுப் பத்தியை நல்ல தமிழில் பெயர்க்க வேண்டும். சில நாள் கழித்து மூலத்தைப் பாராமல் தம் தமிழை மீண்டும் அரபியாக்க வேண்டும். பின்னர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். எனக்குப் பசிக்கிறது என்ற தமிழைப் பெயர்க்கும்போது, எனக்கு என்பதற்கு 'லீ' என்று தொடங்கும் மாணவர், மூலத்தில் 'அன ஜாயிஉன்' என்றிருப்பதைக் காண்பார். தமிழில் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும் உணர்வோன் அரபியில் எழுவாயாகிறான் என்ற விதி அப்போது அவர் மனத்தில் தானே பதியும். மேலே இரு மொழிகளின் அண்மையைக் கண்டோம். இது அவற்றின் சேய்மை. இரண்டையும் காட்டுவது ஒப்பீடு ஒன்றே.

இரண்டாவது, மூவர் பயிற்சி. ஒருவர் அரபு மட்டுமே பேச வேண்டும், மற்றொருவர் தமிழ் மட்டுமே பேச வேண்டும், நடுவிருப்பவர் இருவர்க்கும் பெயர்த்துச் சொல்ல வேண்டும். வளைகுடா மருத்துவமனையில் தமிழ்த் தொழிலாளி ஒருவர், ஹஜ்ஜின்போது தங்குமிடம் தவறிய முதியவர் ஒருவர், கூலி வழக்கில் வாக்குமூலம் தருபவர் ஒருவர் எனச் சூழல்களை அமைக்கலாம். இத்தகைய சூழல்கள் நம் மக்களின் வாழ்வில் அன்றாடம் நிகழ்பவை. அரபு மருத்துவர் முதியவரை 'அன்த' என்பார். நடுவிருக்கும் மாணவர் அதனை நீ என்று பெயர்த்தால் அகராதி பிழைக்கும், மரியாதை பிழைக்காது. நீங்கள் என்றே சொல்ல வேண்டும் என்பதை எந்த இலக்கண நூலும் இவ்வளவு விரைவில் உணர்த்தாது. நோயாளி தலை சுற்றுகிறது என்றால், அவருக்குத் தலை சுற்றுகிறதாம் என்று செய்தியாக்காமல் தன்மையிடத்திலேயே பெயர்க்கப் பழக வேண்டும். வினை முன்னே வரும் அரபியையும் வினை இறுதியில் வரும் தமிழையும் நினைவில் தாங்கி மாற்றும் ஆற்றல், எழுதிப் பெயர்ப்பதால் மட்டும் வருவதன்று. நூலரபிக்கும் வட்டார அரபிக்கும் உள்ள தொலைவையும் மாணவர் இங்கே உணரத் தொடங்குவர்.

மூன்றாவது, கேட்போரை மாற்றும் பயிற்சி. மூன்று நிமிட அரபுரை ஒன்றைக் கேட்கச் செய்து, அதனையே சிறுவர்க்கும், மஹல்லா மக்களுக்கும், முஸ்லிமல்லாத அண்டை வீட்டார்க்கும் தனித்தனியே தமிழில் சொல்லச் செய்யலாம். மஹல்லா மக்களிடம் தக்வா என்றே சொல்லிவிடலாம். அண்டை வீட்டாரிடம் இறையச்சம் என்றால், அச்சம் மட்டுமே எஞ்சும். அச்சொல்லின் வேர் காத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுடையது. தீமையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் விழிப்பு அதில் இருக்கிறது. அதனை எப்படிச் சொல்வது எனத் தேடும் மாணவர் அரபுச் சொல்லின் வேருக்கே திரும்பிச் செல்கிறார். தமிழைத் தேடும் முயற்சி அரபு அறிவை ஆழமாக்குகிறது.

நான்காவது, வெளிவந்த தமிழாக்கங்களை ஒப்பிடல். அரபியில் 'நஹ்னு' ஒன்றே. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் நாம், உளப்படுத்தாத நாங்கள் என இரண்டு. அடியார்கள் இறைவனை முன்னிலைப்படுத்தி வேண்டும் இடங்களில் நாங்கள் என்பதே பொருந்தும். இறைவன் தன் மாட்சி தோன்றக் கூறும் இடங்களில் நாம் என்பது உளப்பாட்டுப் பன்மையாகாது, பெருமைப் பன்மையாகும். தமிழாக்கியோர் ஒவ்வோரிடத்தும் எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் ஆராய்வது, அரபு நடையையும் தமிழ் இலக்கணத்தையும் ஒருங்கே கற்பதாகும்.

தடைகளும் எல்லைகளும்

இவற்றுக்கு எதிராகக் கூறப்படுவனவற்றில் உண்மை இல்லாமலில்லை. தொடக்க மாதங்களில் காதும் நாவும் அரபு ஒலிக்குப் பழக வேண்டும். அக்காலத்தில் நேர்முறைக்கே முதலிடம் தருதல் தகும். ஒவ்வொரு தொடரையும் பெயர்த்துக்கொண்டே சென்றால் வாசிப்பு வேகம் பெறாது. எனவே பெயர்க்காமல் படித்துச் செல்லும் நேரமும் பாடத்திட்டத்தில் வேண்டும். மாணவர் தொகை மிகுந்த வகுப்பில் மூவர் பயிற்சி எளிதன்று என்பதும் மெய்யே.

இவற்றினும் பெரிய தடை இரண்டு. ஒன்று தேர்வு முறை. பாடநூலில் ஓதிய பத்தியையே மொழிபெயர்க்கச் சொல்லும் வினாத்தாள் நினைவாற்றலை அளக்கும், மொழியறிவை அளக்காது. காணாத பத்தியும், செவிவழி உரையும் வினாவில் இடம்பெறாதவரை வகுப்பு மாறாது. மற்றொன்று ஆசிரியரின் தமிழ். ஸஃபதீ (இறப்பு 1363) அப்பாஸியர் காலத்து மொழிபெயர்ப்பு முறைகளை இரண்டாகக் கூறினார். சொல்லுக்குச் சொல் வைப்பது ஒன்று. தொடர் முழுவதையும் உள்வாங்கி அதன் கருத்தைத் தம் மொழித் தொடரில் உரைப்பது மற்றொன்று. இரண்டாவது ஹுனைன் பின் இஸ்ஹாக்கின் வழி என்று சொல்லி அதனையே அவர் உயர்த்தினார். அக்காலப் பெயர்ப்பு வரலாற்றை அவர் மிகவும் எளிமைப்படுத்திவிட்டார் என இன்றைய ஆய்வாளர் கூறுவர். ஆயினும் அப்பகுப்பு வகுப்பறைக்குப் பொருந்துகிறது. இரண்டாம் வழியில் செல்லத் தம் மொழியில் தொடர் அமைக்கும் திறன் வேண்டும். தமிழைப் பாடமாகவே கொள்ளாத மதரஸாவில் அரபு மொழிபெயர்ப்பு செழிக்கும் என எதிர்பார்த்தல் வீண். அரபுக் கல்வியின் சீர்திருத்தம் தமிழ்க் கல்வியிலும் தொடங்கியாக வேண்டும் என்பதை நாம் அழுத்தமாகக் கூறுகிறோம்.

நீதிபதி முன் பெயர்த்துரைக்க ஒரு துர்ஜுமான் போதுமா, இருவர் வேண்டுமா என்பது குறித்துப் புகாரீ தமது தொகுப்பில் தனித் தலைப்பே அமைத்திருக்கிறார். ஒருவர் போதும் என்றார் இமாம் அபூஹனீஃபா. இருவர் வேண்டும் என்றார் இமாம் ஷாஃபிஈ. பெயர்த்துரைப்பது செய்தி அறிவித்தலா, சாட்சியம் கூறுதலா என்பதே அவ்வேறுபாட்டின் அடிப்படை. இருசாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: பெயர்ப்பவரின் சொல்லால் மற்றொருவரின் உரிமை நிலைக்கவும் கூடும், அழியவும் கூடும். நம் வகுப்பில் ஒரே பத்தியை இரு மாணவர் தனித்தனியே பெயர்த்து, இரண்டையும் அருகருகே வைத்து, எது கேட்போர்க்கு உண்மையைச் சேர்ப்பித்தது என ஆராயும் பழக்கம் வருமானால், மொழியோடு அந்தப் பொறுப்பையும் மாணவர் கற்றவராவர்.